இடுப்பில் ஓர் இடம்

மதரின் களிமண் உருவம் ஏறக்குறைய தயார். தேய்ந்த செருப்பு, இடையில் தொங்கும் ஜெபமாலை, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு சபையையே தொடங்கிய பிடிவாதக்கார முகவாய், எல்லாம் வந்துவிட்டன. இடது இடுப்பில் உட்காரவேண்டிய குழந்தைதான் வந்தபாடில்லை. சிற்பி செய்வதும் வழித்துப் போடுவதுமாக இருந்தார்.

"பேரன் பேத்தி எடுத்த வயசுல, மண்ணுக் குழந்தை மேல என்ன பொறாமை?" என்றாள் மனைவி, டீயை வைத்துவிட்டு.

அவளுக்குத் தெரியாத கதையா? அம்மா இறந்துபோன மறுநாள், கைக்குழந்தைத் தம்பியோடு மதரின் இல்லத்து வாசலில் நின்றவர் அவர். ஒன்பது வயது. மதர் தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இவரும் கையைத் தூக்கினார். "நீ பெரிய பையன்டா" என்று ஜெபமாலையின் நுனியைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார் மதர். பெரிய பையனாம்! அழுது அழுது தொண்டை கட்டிப்போன பெரிய பையன். பிறகு படிக்கவைத்தார், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூக்கவில்லை. தலை நரைத்தும் அந்த ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை.

"மனசுல இருக்கறதைச் செஞ்சிருங்க. வேண்டாம்னா சிலை செய்யச் சொன்ன சிஸ்டர் சொல்லட்டும்" என்றாள் மனைவி.

செய்தார். மதரின் இடுப்பில் ஒன்பது வயதுப் பையன், முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு. கால்கள் மதரின் முழங்கால்வரை தொங்கின.

மறுநாள் பார்க்க வந்த தலைமைச் சிஸ்டர் சிரித்தேவிட்டார். "இவ்ளோ பெரிய பையனை யாருங்க இடுப்புல தூக்குவா?"

"யாரும் தூக்கல சிஸ்டர்" என்றார் சிற்பி. "நான் கையை நீட்டினேன். மதர் தூக்கல."

சிஸ்டரின் சிரிப்பு நின்றது. சிலையை ஒரு சுற்று சுற்றி வந்தார். தொங்கும் அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்தார்.

"இது சரியா வரலியே" என்றார்.

சிற்பி மண் வழிக்கும் கரண்டியை எடுத்துப் பையன் பக்கம் போனார்.

"அட, அவனை ஏன் தொடறீங்க? மதரைப் பாருங்க. இவனைத் தூக்கிக்கிட்டு இப்படி விறைப்பா நிக்க முடியுமா? இடுப்பு வளைய வேண்டாம்?"

"உள்ள இருக்கற கம்பியையே அறுக்கணும் சிஸ்டர். பாதி வேலை திரும்பச் செய்யணும்."

"அறுங்க" என்றார் சிஸ்டர். "பையனோட கனம் தெரியட்டும்."