பச்சை டிக்

மாலை நாலு பத்துக்குப் பிரசாத்தின் அபாயச் செய்தி மேகலாவின் போனுக்கு வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, உதவி தேவை. அந்த நேரம் பிரசாத் சாந்தோம் குப்பத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவனையும் படகையும் காசிமேட்டுக்காரர்கள் மதியமே இழுத்துவந்து கரை சேர்த்திருந்தார்கள்.

மேகலா அடையாறு அலுவலகத்தில் இருந்தாள். அண்ணன் கரை சேர்ந்ததை அம்மா மதியமே போனில் சொல்லியிருந்தாள். செய்தியின் கீழே, பட்டனை அழுத்திய நேரம் இருந்தது. காலை ஆறே முக்கால். அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அண்ணன் போன் ஆன்ல கீதாம்மா?”

“இப்பதான் சார்ஜுல போட்டான். இன்னாத்துக்குடி கேக்குற?”

“சும்மாம்மா.”

மீனவர்களுக்கான அந்தச் செயலியில் போனுக்குள் ஓடும் பகுதி முழுவதும் அவள் எழுதியது. முதலில் ஜாவாஸ்கிரிப்டில் இருந்தது. மலிவான போன்களில் திணறியது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் திரும்ப எழுதினாள். வேகம் வந்தது. ஆனாலும் மீன் விலை கேட்டு அனுப்புகிறவர்கள், பதில் தாமதமானால் பட்டனைப் பத்து முறை குத்தினார்கள். குத்தியதும் பச்சை டிக் காட்டிவிடு, சிக்னல் கிடைக்கும்போது செய்தி போகட்டும் என்றான் அச்யுத். கம்பெனி அவனுடையது.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற பதிலைப் பார்க்காமல் விட்டால் ரஸ்ட் எச்சரிக்கும். தெரிந்தேதான் விடுகிறேன் என்பவர் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு போட வேண்டும். மேகலா போட்டாள். எச்சரிக்கை நின்றது. பிறகு அபாய பட்டன் வந்தபோது, அதற்கும் அதே வழியைக் கொடுத்தாள். புதிதாக எழுத ஒன்றும் இருக்கவில்லை.

அச்யுத் அவள் திரையைப் பார்த்தான்.

“மீன் விலைக்கு அது சரிதானே?”

“அபாயமும் அதே வழியிலதான் போகுது, அச்யுத்.”

“ஐயையோ. சரி, இன்னிக்கே திருத்திடு. புது வெர்ஷன்ல ‘சிறு திருத்தங்கள்’னு போட்டுடு, போதும்.”

“குப்பத்துல கேட்டா?”

“நெட்வொர்க் இல்லேன்னு சொல்லு. கடல்ல நெட்வொர்க் இல்லைதானே? பொய்யா சொல்லச் சொல்றேன்?”

அவள் அடிக்கோட்டை எடுத்தாள். சோதித்துப் பார்த்து, புது வெர்ஷனை வெளியிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டு வாசலில் கூட்டம். காலையில் பக்கத்து வீட்டு லாசரின் படகு பிரசாத்துக்கு அருகே போயிருக்கிறது. இழுத்துவரக் கயிறு போடாமல் போய்விட்டது. நின்ற படகுக்குக் கயிறு போடாதவனை ஊர் கடலுக்கு விடாது. மறுநாள் பஞ்சாயத்து.

“லாசர் மாமா வந்தாரு. நான்தான் போகச் சொன்னேன்” என்றான் பிரசாத். அன்று அவனுடைய கூட்டாளிக்குக் காய்ச்சல். படகில் அவன் மட்டும்தான்.

கெங்கம்மா மகனை முறைத்தாள். “நின்ன படகுல குந்திகினு எவனாச்சும் போ போன்னுவானா?”

“வருங்கால மாமனாராச்சே, காட்டிக் குடுப்பானா?” என்றான் வலைக்கார பாலு. சிரித்தார்கள். லாசரின் மகளைப் பிரசாத் பார்ப்பது குப்பத்துக்கே தெரியும்.

“தமாசு பண்ணாத பாலு. பச்ச டிக் வந்துச்சிம்மா. கரையில தெரிஞ்சிபோச்சி, ஆள் வருதுன்னு நெனச்சேன். மாமா அப்பதான் வலை எறக்கிகினு இருந்தாரு. அவரு பொழப்ப ஏன் கெடுக்கணும்?”

“அப்பால இன்னா பண்ண?”

“பாட்டு கேட்டேன். சார்ஜ் பூட்ச்சி.”

மறுபடி சிரித்தார்கள். பிரசாத் போனை நீட்டினான். டிக் இருந்தது.

“ஊட்டாண்ட வந்து அமுக்கிருப்ப” என்றான் பாலு.

“காத்தால அமுக்கிருந்தா மேகலாவுக்கு வந்திருக்கும்ல?” என்றாள் கெங்கம்மா. “அவ மத்தியானம் வரைக்கும் நிம்மதியா வேலை பாத்துகினு இருந்தா. சேதி வந்திருந்தா எம் பொண்ணு சும்மா இருப்பாளா?”

எல்லோரும் மேகலாவைப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் அவர்கள் போன்களில் அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தவள் அவள்தான். கடலுக்குப் போகும்போது வேறு எதையும் நம்ப வேண்டாம், இதை அமுக்குங்கள் என்று சொல்லியிருந்தாள்.

லாசர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். காலையில் அவர் படகில் இருந்தவர்கள் அவருடைய மச்சான்கள். அவர்கள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் தெருவைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

“மேகலா, போன்ல கீற அத்த செஞ்சவ நீ. காத்தால கடல்ல அவன் போன்ல பச்ச வந்துச்சா, வர்லியா?”