இரண்டு ஃபாரம், இரண்டு பொய்

தூருனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. வயிற்றில் ஏழு மாதம். டாக்டர் பார்த்து, ஃப்ளூதான், பாராசிட்டமால் போடு என்று சொல்லியாயிற்று. மருத்துவச்சி குன்வோரும் போனில் அதையே சொன்னாள்: காய்ச்சலை இப்படிக் கொதிக்க விடுவதுதான் பிள்ளைக்கு ஆகாது, தேவைப்படும் நாளுக்கு மட்டும் போடு, போதும். தூருன் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மாத்திரையை மட்டும் வாயில் போடவில்லை, சமையலறை மேசையில் வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

“டாக்டர் சொல்லியாச்சு, குன்வோர் சொல்லியாச்சு. இன்னும் யார் வந்து சொல்லணும், ராஜாவா?” என்றான் ஹோவார். பள்ளியில் தச்சுவேலை கற்றுக்கொடுக்கிற அவள் புருஷன்.

அவள் போனை அவன் பக்கம் தள்ளினாள். கர்ப்பத்தில் பாராசிட்டமால் மாதிரி வலிமாத்திரை போட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கொஞ்சம் அதிகம் என்று ஒரு செய்தி. அவர்களின் ஆறு வயது இல்வா அப்போது வீட்டுக்குப் பின்னால் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தாள், கிளம்புமுன் மறக்காமல் தன் ஆஸ்துமா இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு.

இல்வா வயிற்றில் இருந்தபோது, கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பற்றிய ஓர் ஆய்வில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். அம்மாவுக்குத் தடி ஃபாரம், அப்பாவுக்கு மெல்லிசு. ஒரு ஞாயிறு மத்தியானம் இதே மேசையில் காபியோடு உட்கார்ந்து, பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கு ஒரு கையால் மறைத்து மறைத்து எழுதினார்கள். எத்தனை வலிமாத்திரை என்ற கட்டத்தில் தூருன் பூஜ்யம் போட்டாள். தலைவலிக்கு மாத்திரை தேடுவது மானக்கேடு என்று வளர்ந்தவள். கொட்டும் பனியில் ஃபெர்ரிப் படகில் கயிறு இழுக்கிற வேலை பார்க்கிறவளுக்குத் தலைவலியாவது ஒன்றாவது!

“அப்ப இருபது மாத்திரைக்கு மேல முழுங்கினேன், ஹோவார்,” என்றாள். “ஒண்ணுகூட எழுதல. என் கையாலயே அவளுக்கு இழுப்பைக் குடுத்துட்டேன். இன்னொண்ணுக்கும் குடுக்கச் சொல்றியா?” சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள்.

ஹோவார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“என் ஃபாரத்துல, சின்ன வயசுல ஆஸ்துமா இருந்துச்சான்னு ஒரு கேள்வி. இல்லைன்னு போட்டேன்.”

“இல்லைன்னா இல்லைன்னுதானே போடணும்?”

“பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்துச்சு.”

சின்ன வயதில் பனிச்சறுக்குப் போட்டியில் மூச்சிரைத்தபோது பையன்கள் அவனைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்த வெட்கத்தில் தூருனிடம் மூச்சு விடவில்லை. இல்வாவுக்கு மூன்று வயதில் அது வந்தபோது டாக்டரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். மூன்று வருஷமாக, பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு தடவையும், நான்தானே கொடுத்தேன் என்று கராஜில் போய் நின்றிருக்கிறான். அங்கே மரம் அறுக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“படுபாவி,” என்றாள் தூருன். கோபம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பு வந்து, இருமலில் போய் முடிந்தது.

குன்வோருக்கு மறுபடி போன் போட்டு இரண்டு பொய்யையும் ஒப்புவித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, அந்த மாத்திரை போட்ட அம்மாக்களுக்குக் காய்ச்சலும் வலியும்கூட இருந்தன, அவையும் காரணமாகலாம், பரம்பரை வேறு இருக்கிறது, எதனால் வந்தது என்று ஒரு பிள்ளையை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். பழிக்கு நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ள வேண்டாம், ஃபாரத்தை வேண்டுமானால் திருத்தி அனுப்புங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தூருன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். மனசு லேசாக இருந்தது.

கதவு திறந்தது. கன்னம் சிவக்க உள்ளே வந்த இல்வா, இரண்டு பேரின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்து விட்டுக் காட்டினாள்.

“அழாதீங்க,” என்றாள். “இன்னைக்கு எனக்கு நல்லாத்தான் இருக்கு.”