நீள வயரும் இன்னும் மூன்று மாதிரிகளும்

1.

"அரை மீட்டராவது குறைச்சிடேன். யாரு சொன்னாலும் கேக்கவே கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கியா?"

"அம்மா தாயே, அது என் வயர், என் ரேடியோ. நீ இலையை அள்ளு."

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். நான் தேடிப் போகவில்லை. அக்டோபர் மாதச் சனிக்கிழமை, எங்கள் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்யும் நாள். வேலை முடிந்ததும் எல்லாரும் சாப்பிட மீன் பொரிப்பது என் பங்கு. புகை வெளியேறட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்தேன். (இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.) கீழே இலைக் குவியலுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மாடி டோர்தே, இந்தப் பக்கம் தரைத்தளத்து எஸ்பென். இருவர் கையிலும் நீளமான விளக்குமாறு. எங்கள் கோல்டிங் நகரத்தில் யாராவது குரலை உயர்த்தினால் நாய்கூட நின்று பார்க்கும். இவர்களோ ஒரு சார்ஜர் வயரின் நீளத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

போன குளிர்காலத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் ராச்சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அது யாருக்கும் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். எஸ்பெனின் செருப்பு இரண்டாம் மாடிக் கதவோரம் கிடப்பதைப் படியேறும் எல்லாரும் தாண்டித்தான் போனோம்.

2.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"டோர்தே மனசாட்சி உள்ள பெண்." (அப்படியென்றால் கதையே வேண்டாம்.)

"மின்சாரம் ஒரு நதியைப் போல" (நதி என்று வந்ததும் பேனா தானாக நின்றது.)

"டோர்தேயின் நீலக் கண்களில் கடலின்—" (அவள் கண் பழுப்பு.)

நேராகவே சொல்கிறேன். டோர்தேக்கு வேலை ஒரு சோதனைக்கூடத்தில். கடைகளில் விற்கும் சார்ஜர்களை அரசாங்கத்துக்காக அளந்து சொல்வார்கள். சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கை ஒரு சார்ஜர் ஒழுங்காக மறுமுனைக்குக் கொடுக்கிறது என்பதற்கு ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம். அளக்கும் முன் அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிச் சூடாக்கவேண்டும். (நானும் உங்களை அப்படிச் சூடாக்கியிருக்கவேண்டும். மன்னிக்கவும்.) மறுமுனை என்பது வயரின் நுனி. சார்ஜர் பெட்டியோடு ஒட்டிய வயர் நீளமாக நீளமாக, மின்சாரம் வழியிலேயே கொஞ்சம் சூடாகி வீணாகும். அந்த நஷ்டமும் சார்ஜரின் கணக்கில்தான் சேரும்.

அந்த வாரம் டோர்தேயின் மேசைக்கு வந்த மாதிரி, முதியோர் இல்லங்களுக்கென்று எஸ்பென் தருவித்துக் கடைகளுக்கு விற்கும் சின்ன ரேடியோவின் சார்ஜர். வயர் மூன்று மீட்டர். அதே சார்ஜர் ஒன்று அவள் கட்டிலோரத்திலும் செருகியிருக்கிறது. "இதை நான் அளக்கக்கூடாது, வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று அந்த நிமிடமே மேலாளர் ஹோல்கரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஏன் என்று அவர் கேட்பார். நண்பர் என்பதா, கீழ்வீட்டுக்காரர் என்பதா? எஸ்பெனோடு உட்கார்ந்து தங்கள் உறவுக்கு ஒரு வார்த்தையை அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. வார்த்தை கிடைக்காததால் அளந்துவிட்டாள்.

தோற்றது. பெட்டி நல்ல பெட்டிதான், மின்சாரத்தை வயர்தான் தின்றது.

ஒரு மாதிரி தோற்றால் உடனே தீர்ப்பு கிடையாது. அதே வகையில் இன்னும் மூன்று வாங்கி அளக்கவேண்டும். அவற்றின் சராசரிதான் முடிவு. அந்த மூன்றும் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

எஸ்பெனிடம் சொன்னால் அவள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், விற்பனைத் தடைக் கடிதம் வரும் நாளில் இவளுக்கு முன்பே தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதோடு அவனும் போய்விடுவான். ஆகவே சொல்லாமல் சொல்லிப்பார்க்கலாம் என்று நினைத்தாள். அதைத்தான் அவள் முற்றத்தில் செய்துகொண்டிருந்தாள். பத்தடி தள்ளிச் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தவள் முதல் மாடி ரிக்மோர். ஹோல்கரின் சொந்த அக்கா.

(இவ்வளவும் உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மீதி மீனைச் சாப்பிட டோர்தேயைக் கூப்பிட்டேன். நான் கேட்காமலே சொன்னாள். சரி, கொஞ்சம் கேட்டேன்.)

3.

எஸ்பென் விஷயத்தில் எனக்குக் குழப்பம். வயரை ஏன் நீளமாக வைத்தான்? ஒரு வரைவில் அவனை உத்தமனாக எழுதினேன். படித்துப்பார்த்தால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். சலவை அறையில் அடுத்தவர் முறையில் தன் துணியைப் போடுகிறவனுக்கு ஒளிவட்டம் ஒட்டாது. இன்னொரு வரைவில் வெறும் வியாபாரி: நீள வயர் என்றால் இல்லங்கள் கூடுதலாக வாங்கும். அதுவும் ஒட்டவில்லை. அன்று முற்றத்தில் அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அங்கெல்லாம் பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னாடி இருக்கு, டோர்தே. வயரைக் குறைச்சா ரேடியோ தரையில கிடக்கும். படுத்திருக்கிறவரு அதை எடுக்க எந்திரிப்பாரு. விழுந்தா நீ வந்து தூக்கிவிடுவியா?"

டோர்தே விளக்குமாற்றின் மேல் சாய்ந்து நின்றாள். பிறகு, குவித்த இலைகளையே அவள் மறுபடி கலைத்துக் குவித்தது எனக்கு மூன்றாம் மாடியிலிருந்தே தெரிந்தது. ரிக்மோர் சாசேஜைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தாள். எஸ்பென் குரலைத் தாழ்த்தினான். நான் தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டவேண்டியதாயிற்று.

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்குற ஆளு இல்லையே."

அவளையே பார்த்தான். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனான். சாப்பிட வரவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டதா என்பதுதான் அன்றிரவு முழுக்க டோர்தேயைத் தின்றது. புரிந்திருந்தால் அவள் சட்டத்தை மீறியவள். புரியாவிட்டால் அவனைக் காப்பாற்றாதவள். இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று என் சமையலறையில் உட்கார்ந்து கேட்டாள். நான் மீனுக்கு எலுமிச்சை பிழிந்தேன். அதற்குமேல் எனக்கென்ன தெரியும்?

திங்கட்கிழமைக்குப் பின் நடந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை.

4.

ஆகவே சட்டப்படியே செய்கிறேன். இந்தக் கதைக்கு முதலில் ஒரு முடிவு எழுதினேன் (அழுகை, மழை, ரயில் நிலையம்). தோற்றது. இதோ இன்னும் மூன்று.

முதல் மாதிரி. காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹோல்கரின் அறைக்குப் போகிறாள். "அந்த ரேடியோ விக்கிறவரு என்னோட ஆளு." அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறை சொல்கிறாள். கேட்டது மேலாளர். எஸ்பென் இன்னும் கேட்கவில்லை. மூன்று சார்ஜர்களும் அடுத்த மேசைக்குப் போகின்றன. முதுகுக்குப் பின்னால் அளவுகருவி 'டிக்' என்னும்போதெல்லாம் இவள் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். (எனக்குப் பிடித்த மாதிரி. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

இரண்டாம் மாதிரி. தானே அளக்கிறாள். அளவுகருவியின் கம்பியை வயரின் நுனியில் பிடிக்காமல் பெட்டிப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தால் போதும், தேறிவிடும். யாரும் பார்க்கவில்லை. கை பெட்டிப் பக்கம் நகர்கிறது. அங்கே

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளைத் திருடியாக்கி நான் படியில் எப்படி முகம் பார்ப்பது?)

மூன்றாம் மாதிரி. எஸ்பெனுக்கு முற்றத்திலேயே புரிந்துவிட்டது. கடிதம் வரும் முன்பே கடைகளிலிருந்து ரேடியோக்களைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அங்கேதான் வினை. இவனுக்கு எப்படி முன்பே தெரிந்தது என்று ஹோல்கர் யோசிக்கிறார். அந்தச் சனிக்கிழமை முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அக்காவைக் கேட்கிறார்.

5.

மூன்றாவது மாதிரியை எழுதிய கையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் ரிக்மோர் என்னைப் படியில் மறித்தாள். கையில் காலி பாட்டில் பை, முகத்தில் அவசரமே இல்லை.

"அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் எதுக்குக் கத்திக்கிட்டாங்க? வயர்னு ஏதோ காதுல விழுந்துச்சு. தம்பி கேக்குறான்."

"எனக்கென்ன தெரியும்?"

"நீ ஜன்னல்லதானே நின்ன. இந்தக் கட்டடத்துல உனக்குக் கேக்காம எது நடந்திருக்கு?"

"எண்ணெய் கொதிக்கிற சத்தம், ரிக்மோர். ஒண்ணுமே விழல."

அவள் நம்பவில்லை. என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததை நானே நம்பவில்லை. அவள் இறங்கிப்போன பிறகும் அந்தப் படியிலேயே நின்றிருந்தேன்.

ரிக்மோரின் கேள்வி மூன்றாம் மாதிரிக்குச் சாட்சி என்று நீங்கள் சொல்லலாம். முதல் மாதிரி நடந்திருந்தாலும் ஹோல்கர் இதையே கேட்டிருப்பார். ஏதாவது ஒரு முடிவை நான் எழுதினால் அது கதையாக இருக்காது, வாக்குமூலமாகிவிடும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மாடிகளையும் மாற்றியிருக்கிறேன். அது ரேடியோதானா என்றுகூட நீங்கள் சந்தேகப்படலாம். மூன்று மாதிரிகளும் உங்கள் மேசையில் இருக்கின்றன. சராசரியை நீங்களே எடுங்கள். என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே. பிப்ரவரியில் இரண்டாம் மாடிக் கதவிலிருந்து டோர்தேயின் பெயர்ப்பலகை கழன்றது. அடுத்த மாதம் தரைத்தளத்துப் பெயரும் கழன்றது. இருவரும் லாங்கலேண்ட் தீவுக்குப் போய்விட்டார்கள். அங்கே சோதனைக்கூடம் எதுவும் கிடையாது. மே மாதம் நகரமன்றத்தில் கல்யாணம். ரிக்மோரை அழைக்கவில்லை. நான் மூன்று மீட்டர் நீட்டிப்பு வயர் ஒன்றைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொண்டுபோனேன். எஸ்பென் பிரித்துப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான். டோர்தே சிரிக்கவில்லை. என்னை இறுக்கி அணைத்து, காதருகே கேட்டாள்:

"ரிக்மோர் உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?"