மூன்றாவது சரணம்

ஹோபார்ட்டுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற டோவரில், ஒரு மதுக்கூடத்தில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசிக்க ஒப்புக்கொண்டபோது, ஆல்பன் டல்லி அந்த ஊரில்தான் இருக்கிறார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அவர் என் பாட்டில் வருகிற ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆறு வருடங்களுக்கு முன் டோவரிலிருந்து சிங்கி இறால் பிடிக்கப் போன படகு ஒன்று பாறையில் மோதிக் கவிழ்ந்தது. படகை ஓட்டிய ஆல்பன் நீந்திக் கரையேறினார். அவருடைய தம்பி ரோரி கரையேறவில்லை. ஹோபார்ட்டில் செய்தித்தாளில் படித்துவிட்டு ஒரே மூச்சில் அந்தப் பாட்டை எழுதினேன். ஐரிஷ் மெட்டில் என் ஃபிடில், அதற்கடியில் என்னோடு வாசிக்கும் ஃபாரிஸின் ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியம். எங்களுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தப் பாட்டுதான். அதன் மூன்றாவது சரணத்தில் ஆல்பன் ஒரு கையில் சுக்கானும் மறு கையில் ரம் புட்டியுமாக நிற்பார். செய்தியில் புட்டி எதுவும் கிடையாது. அடி முடிய ஒரு சொல் வேண்டியிருந்தது. ரம் பொருந்தியது.

மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கிட்டே வந்து நின்றார்.

“நீங்கதான் நோலாவா?”

“ஆமா.”

“நான் ஆல்பன் டல்லி.”

பிருடையைத் திருகுவதை நிறுத்தினேன்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. ரோரியப் பத்தி வர்ற இடமெல்லாம் சரியா இருக்கு,” என்றார். “ஆனா நான் குடிக்கிறதில்லம்மா. எங்கப்பா குடிச்ச குடியப் பாத்துட்டு நாங்க ரெண்டு பேருமே தொட்டதில்ல. விசாரணையில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, சுத்தமா இருந்துச்சு. அத யாரு படிச்சா? பாட்டத்தான எல்லாரும் கேட்டாங்க. எங்கூடக் கடலுக்கு வர ஒரு ஆளு கிடைக்கல இப்ப. பள்ளிக்கூடத்துல முகாம் போனப்ப தீயச் சுத்தி உக்காந்து இதப் பாடுனாங்களாம். என் பொண்ணு ஈடியும் சேந்து பாடியிருக்கா. சும்மா இருந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு.”

“இன்னிக்கு அந்தப் பாட்டையே விட்டுடறேன்.”

“விட்டா கேப்பாங்க. பாடுங்க. அந்த ஒரு இடத்த மட்டும் விட்டுருங்க.”

ஃபாரிஸிடம் சொன்னேன். “அப்ப ரெண்டு முடிஞ்சதும் நேரா நாலுக்குப் போயிடலாமா?” என்றான். “வேணாம். அந்த இடத்துல நீ தனியா வாசி,” என்றேன். அது அழகாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அப்போதும் அழகில்தான் இருந்தது.

கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். ஆல்பன் சுவரோரம் மதுவில்லாத இஞ்சி பீரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு சரணம் பாடி முடித்து, வில்லை இறக்கினேன். ஃபாரிஸ் மெதுவாக மீட்டினான்.

கவுண்டர் பக்கமிருந்து ஒரு குரல் மூன்றாவது சரணத்தை எடுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூடம் முழுவதும். அவர்கள் பாடுவதற்காகத்தான் அந்த இடத்தை விட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மேஜையைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். ரம் வந்ததும் எல்லாக் கோப்பைகளும் மேலே போயின.

ஆல்பன் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். அவருக்கு வழிவிட்டவர்களில் சிலர் பாட்டை நிறுத்தக்கூட இல்லை.

நான் ஃபாரிஸின் ஊத் நரம்புகள் மேல் கையை வைத்தேன். “அது பொய்,” என்றேன் மைக்கில். “அந்தச் சரணம் நான் கற்பனையா எழுதினது. ஆல்பன் குடிச்சிருக்கவே இல்ல.”

“என்ன பாட்டுக்காரம்மா, டிக்கெட்டுக்குக் காச வாங்கிட்டுப் பாதிப் பாட்டா?” என்றார் ஒருவர். சிரித்தார்கள். நான் திரும்பவும் சொன்னேன். இந்த முறை சிரிப்பு இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மதுக்கூடக்காரி மார்ஜ் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “அந்த ஆளு இங்க இஞ்சி பீரத் தவிர வேற எதையும் வாங்கினதில்ல,” என்றாள். “ஊத்திக் குடுத்தவளே நான்தான். நானும் சேந்து பாடியிருக்கேன்.”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆல்பன் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தார், கிளப்பவில்லை.

“சொல்லிட்டேன்.”

“கேட்டுச்சு.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் எட்டி மறுபக்கக் கதவைத் திறந்தார். “ஏறுங்க,” என்றார். “ஈடிகிட்ட சொல்லுங்க. நான் சொல்லி அவளுக்குப் போதல.”

வில்லைக் கையில் பிடித்தபடியே ஏறினேன்.

ஈடிக்குப் பதினைந்து வயதிருக்கும். வீட்டில் சமையலறை மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன், செய்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“அப்ப ஏன் எழுதினீங்க?”

“அந்த அடிக்கு ஒரு சொல் வேண்டியிருந்துச்சு.”

“வேற சொல்லே கிடைக்கலையா?”

“தேடல.”

அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலில் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். தேவையைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது.

“அப்பா, நான் வந்து…” என்றாள்.

“சாப்ட்டியா?” என்றார் அவர், திரும்பாமலே.

அந்தப் பாட்டின் பதிவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். அடுத்த இறால் பருவத்தில் மார்ஜின் தம்பி ஆல்பனோடு கடலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் லான்செஸ்டனில் ஒரு மதுக்கூடத்தில் வேறொரு குழு அதைப் பாடியது, மூன்றாவது சரணத்தோடு. பாட்டு முடிந்ததும் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். “ஆனா அந்த இடத்துலதான் கூட்டமே சேந்து பாடுது,” என்றான் பாடியவன்.