சாயங்காலக் குளியல்

ஃபேக்டரியிலிருந்து வருகிற ஆளுக்குத் தலை ஏன் ஈரமாக இருக்கிறது? மூன்று மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. என் கணவர் சசிதரனுக்கு வேலை கீழ்கோத்தகிரித் தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கும் அறையில். எப்போதும் தேயிலைத் தூசு வாசனையோடுதான் பஸ்ஸிலிருந்து இறங்குவார். இப்போது சோப்பு வாசனை. கேட்டால், "அங்க வெந்நி சும்மாத்தானே கெடக்குது" என்பார்.

அதைவிடப் பெரிய புதிர் அவருடைய இருமல். நுரையீரலில் கட்டி. சளியில் டிபி கிருமி போல ஏதோ தெரிந்ததால் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் குறையவில்லை. ஆபரேஷனில் அவருக்கு நான் கொடுத்த சிறுநீரகம்தான் தடுமாற ஆரம்பித்தது. அதைக் காக்கும் மாத்திரையை டிபி மாத்திரை உடம்பில் தங்கவிடாதாம்.

கோயம்புத்தூரில் டாக்டர் தபித்தாள் சளியை மறுபடி எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தார். தட்டில் இளஞ்சிவப்பாகத் துளித்துளியாக முளைத்திருந்தது.

"டிபி இல்லீங்க. டிபியைக் கண்டுபிடிக்கப் போடற சாயத்தை இந்தக் கிருமியும் கொஞ்சம் பிடிக்கும், அதுதான் ஏமாத்திடுச்சு. உடம்புல காவல் செல் கிருமியை முழுங்கும். அதைக் கொல்லுன்னு இன்னொரு செல் உத்தரவு தரணும். சிறுநீரக மாத்திரை அந்த உத்தரவை அமுக்கி வைக்குது. முழுங்கின கிருமி உள்ளேயே குடித்தனம் பண்ணுது. இது குதிரைச் சாணத்துல இருக்கறது. குதிரைப் பக்கம் போனீங்களா?"

"இல்லீங்க" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு இரண்டு புதிரும் ஒன்றாயின. பஸ் போகிற வழியில் ஹெர்பர்ட் என்பவர் காளான் வளர்க்கும் கொட்டகை இருக்கிறது. அங்கே உரத்துக்கு ஊட்டியிலிருந்து குதிரைச் சாணம் வரும். வைக்கோலோடு கிளறினால் தூசு பறக்கும். கிளறியவர் குளிக்காமல் வீட்டுக்கு வர முடியாது. ஃபேக்டரி ஓடினால் இவர் அங்கே போயிருக்க மாட்டார்.

"ஃபேக்டரி எப்பங்க மூடினாங்க?"

"தீபாவளிக்கு முன்ன. இலை வெலைதான் விழுந்துபோச்சே. தெரிஞ்சா நீ வேலைக்குக் கெளம்பிருவ, ரேணுகா."

"மண்ணு, சாணி தொடமாட்டேன்னு ஆபரேஷன் அன்னைக்கு எங்கிட்டத்தானே சொன்னீங்க? தெனமும் குளிச்சு மறைச்சிருக்கீங்க. என்னோட கிட்னியையும் கூட்டிட்டுத்தானே அங்க போனீங்க?"

டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

இப்போது டிபி மாத்திரை இல்லை. இந்தக் கிருமிக்கென்று இரண்டு மருந்து, ஆறு மாதம். சிறுநீரக மாத்திரை, ரத்தத்தில் அளவு பார்த்துக் கொஞ்சம் குறைவாக. இருமல் அடங்கிவிட்டது. அவர் வீட்டில் இருக்கிறார். சாணம் கிளறுவது நான்; என் காவல் செல்லுக்கு உத்தரவு போய்ச் சேரும். அங்கேயே குளித்து, வேலைத் துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.