ஐந்து வயிற்றுப் பால்

வாசலில் அம்ரீன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே ஜஸீலாவின் மடியிலிருந்த பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது. நான்கே நாளில் அத்தனை பழக்கமா என்று ஜஸீலாவுக்கு வயிறெரிந்தது.

எட்டு மாதப் பிள்ளை ருக்ஸானா. நான்கு வருடம் பதிந்துவைத்துக் காத்திருந்து போன மாதம்தான் தத்தெடுத்து வந்தார்கள். கலெக்டர் கையெழுத்திட்ட உத்தரவில் தாய் என்ற இடத்தில் ஜஸீலாவின் பெயர். "பெத்த பிள்ளைக்கு உள்ள உரிமை எல்லாம் இதுக்கும் உண்டும்மா" என்று வக்கீல் சொன்ன அன்றே அந்தத் தாளை நகைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சட்டம் அதோடு விட்டுவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத் விடவில்லை. பெரியவளானால் வளர்த்த வாப்பாவும் அந்நிய ஆண்தான், அவர் முன்னால் முக்காடு போட்டு ஒதுங்க வேண்டும் என்றார். இரண்டு வயதுக்குள் வாப்பாவுடைய தங்கை ஐந்து முறை வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால் அவர் தாய்மாமன் முறையாகிவிடுவார், திரை வேண்டாம்.

ஜஸீலாவின் கணவன் ஹசன் அலியின் தங்கை அம்ரீனுக்குக் கைப்பிள்ளை இருந்தது. அடுத்த தெருதான் வீடு. இன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் துபாய்க்குக் கிளம்புகிறாள். நான்கு முறை ஆயிற்று. இது ஐந்தாவது.

நான்கு முறையும் ஜஸீலா எதிரே உட்கார்ந்து பார்த்தாள். இவளிடம் புட்டிப்பாலைப் பாதியில் துப்பும் பிள்ளை அவளிடம் கண்மூடிக் குடித்தது. குடித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்ரீன் என்ன பாவம் செய்தாள்? கூப்பிட்டார்கள், வந்தாள். அது தெரிந்தும் அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இன்று அவள் வரக் கால்மணி நேரம் இருக்கும்போது, நடந்து நடந்து, ஒரு புட்டிப் பாலை முழுக்க ஊட்டிவிட்டிருந்தாள்.

பிள்ளை அம்ரீனிடம் தாவியது. மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜஸீலாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அம்ரீன் இன்னொரு தரம் முயன்றாள். பிறகு குனிந்து பிள்ளையின் வாயை முகர்ந்தாள்.

"மதினி, நாலுதான ஆயிருக்கு?"

"பசி இல்ல போல."

அம்ரீன் பிள்ளையின் மோவாயில் ஒட்டியிருந்த பால்மாவைத் துடைத்துவிட்டு, ஜஸீலாவின் மடியில் வைத்தாள்.

"திரும்பி வர ரெண்டு வருசம் ஆகும். ஹசன் காக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க."

மதிய ளுஹர் தொழுதுவிட்டு வந்த ஹசன் அலி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அது அவன் தாடியைப் பிடித்து இழுத்தது.

"இழு, இழு. பெரியவளானதும் எங்கிட்ட வராம ஒதுங்கிப் போயிருவியோன்னு எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா?" என்று பிள்ளையிடமே சிரித்தான். பிறகு ஜஸீலாவைப் பார்த்தான். "அஞ்சும் முடிஞ்சிருச்சுல்ல?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் புட்டியைத் தொடவேயில்லை. மூன்றரை மணிக்குப் பிள்ளை பசித்து அழ ஆரம்பித்ததும் புர்காவை மாட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்ரீன் வீட்டு வாசலில் வேனில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது.

"பசிக்குது இவளுக்கு" என்றாள் ஜஸீலா. பிள்ளையை அவளிடம் நீட்டினாள்.

அம்ரீன் டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். பின்சீட்டில் ஏறி, பிள்ளையை வாங்கித் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. ஜஸீலா திறந்திருந்த கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. துப்பட்டாவுக்கு வெளியே குட்டிப் பாதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை விழுங்க விழுங்க, அதன் விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் சுருங்கிச் சுருங்கி விரிந்தன.