சூரியனுக்குச் செய்த பெட்டி

பாலகணேஷ் தொலைநோக்கி வாங்கிய செய்தியை என்னிடம் முதலில் சொன்னவள், அவருடைய தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாய்.

"சார், எங்க அண்ணாச்சி சூரியனையே பிடிச்சுப் பெட்டிக்குள்ள அடைக்கப் போறாவ. இனிமே குச்சி எதுக்கு, மருந்து எதுக்கு?" என்று பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். சூரியனை நோக்கித் திருப்பிய தொலைநோக்கி எத்தகைய கருவி என்பதை அறியாதவர் அதை வைத்திருப்பது, மருந்தறைக்குள் பீடி பற்றவைப்பதற்கு நிகரான காரியம். அன்று மாலையே, கோவில்பட்டியிலிருந்து புதூருக்குப் போகும் சாலையிலுள்ள அவருடைய ஆலைக்குச் சென்றேன்.

பாலகணேஷுக்குப் புதிய லேபிள் வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் சூரியன் மார்க் தீப்பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் கண்ணும் வாயும் வரைந்த பொம்மைச் சூரியன்கள். அவர் விரும்பியது உண்மைச் சூரியனின் படத்தை, அதன் முகத்திலுள்ள கரும்புள்ளிகளோடு. லேபிள் வேலைக்காக வாங்கிய பழைய கேமரா ஒன்று ஆலையில் இருந்தது. அதைத் தொலைநோக்கியின் பின்முனையில் பொருத்தி, கேமராவின் சிறு சன்னலில் கண்ணை வைத்து, படம் தெளியும்வரை திருகைத் திருப்பவேண்டும். அவருக்கோ இரு கண்ணிலும் புரை. ஆகவே அந்தப் பொறுப்பை மகள் இசக்கிச்செல்விக்கு ஒதுக்கியிருந்தார்.

"இவ கண்ணு சாதாரணக் கண்ணு இல்ல சார், ரயில் ஓட்டப் போற கண்ணு" என்றார்.

"அப்பா, இன்னும் மெடிக்கலே முடியல. அதுக்குள்ள என்னைய எஞ்சின்ல ஏத்திருதீங்க" என்றாள் செல்வி.

ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர் பணிக்கான எழுத்துத் தேர்வுகளில் அவள் தேறிவிட்டாள். எஞ்சியிருந்தது மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக, கண்ணாடியின் துணையின்றி, தொலைவில் தொங்கும் அட்டையைக் கடைசி வரிவரை படித்தாக வேண்டும். கல்லூரியை விட்டு வந்த நாள்முதல் அவள் வேறெந்த வேலைக்கும் விண்ணப்பித்ததில்லை. ஆடி முடிவதற்குள் அழைப்பு வரும் என்றார்கள்.

"அப்படியானால் அந்தக் கண்ணைக் கொண்டுபோய் இதில் வைக்காதீர்கள்" என்றேன்.

"அதுக்குத்தான் பில்டர் இருக்கே!" என்று ஒரு சிறு கறுப்புக் கண்ணாடியைக் காட்டினார். தொலைநோக்கியோடு வந்தது, கண் வைக்கும் முனையில் திருகிக்கொள்ளவேண்டியது.

அதை வாங்கித் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தேன். தொலைநோக்கியின் வில்லை, வெயில் அத்தனையையும் திரட்டிக் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் அக்கண்ணாடி நிற்கிறது. சூடேறி எப்போது வெடிக்கும் என்று எவராலும் கூறவியலாது. வெடித்த பின் அங்கே இருப்பது கண் ஒன்றே. தடுப்பை முன்வாயில்தான் போடவேண்டும். வடிகட்டாத வெயில் குழலுக்குள் நுழையவே கூடாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிடங்கிற்குள் போய் ஒரு சுருளைத் தூக்கி வந்தார். கம்பி மத்தாப்புப் பாக்கெட்டுக்குச் சுற்றுகிற வெள்ளித்தாள்.

"இதுவும் அதே பளபளப்புத்தான சார். ரெண்டு மடிப்பு வச்சுக் கட்டிருவோமா?"

"வெளிச்சம் மங்கினால் ஆபத்து மங்கிவிட்டது என்று பொருளாகாது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் அந்தத் தாளைத் தாண்டி வரும். உங்கள் மகள் கண் கூசாமல் நெடுநேரம் பார்ப்பாள், அதுவே கேடு."

செல்வி அந்தச் சுருளைத் தந்தையின் கையிலிருந்து வாங்கி, கிடங்கின் மூலையில் சாய்த்து வைத்தாள்.

சூரியனுக்கென்றே செய்த மென்தாளை வரவழைப்பது என்று முடிவாயிற்று. அதிலும் இரு வகை உண்டு. ஒன்று கண்ணால் பார்க்க உகந்தது. வெயிலில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். மற்றது படமெடுக்க மட்டுமானது. பல மடங்கு ஒளியை விடும். பாலகணேஷ் இரண்டாவதையே கேட்டார். ஆடிக் காற்றில் தொலைநோக்கி நடுங்கும். ஒளி மிகுந்திருந்தால் நொடியின் சிறு துணுக்கில் படம் விழுந்துவிடும், கலங்காது. இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் கேமராவின் சன்னலில் ஒரு பெண்ணின் கண் இருக்கும்வரை அது கண்ணால் பார்க்கிற கருவிதான் என்று வாதிட்டேன். சாயங்காலம் முழுவதும் வாதிட்டேன். அடர்த்தியான தாளே வந்தது. எரியும் விளக்கின்முன் அதைப் பிடித்து, ஊசித்துளைகூட இல்லை என்று பார்த்துக் கொடுத்தேன்.

தாளைத் தாங்கும் மூடியை அவரே அட்டையால் செய்தார். மேல்பெட்டிக்குள் அடிப்பெட்டி வழுக்கிப் போவதைப்போல, அது குழலின் வாயில் ஏறி மெல்லிய பெருமூச்சோடு அமர்ந்தது. விரல் நுனியால் தொட்டார், கழன்று வந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி தொட்டார். அந்த லாகவத்தில் அவருக்கு அத்தனை பெருமை.

"ஒத்தை விரலுக்குத் திறக்கணும் சார், அதான் பெட்டி. எங்க ஆலையில இறுக்கமான பெட்டிய நான் வெளியே அனுப்புனதே இல்ல. இறுக்கிப் போடுன்னாலும் இந்தக் கைக்கு வராது."

"தீப்பெட்டியைத் திறப்பதற்காகச் செய்கிறீர்கள். இது திறக்கவே கூடாதது."

"அதுக்கென்ன, ஏத்துத அன்னைக்கு டேப்பு சுத்திக்கிடுவோம்."

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரிசல் வெடித்துக் கிடந்தது. தெற்கே காற்றாலைகள் எல்லாம் ஒரே மூச்சாகச் சுழன்றன. மொட்டைமாடியில் நிற்கும்போது வேட்டியை இரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே முற்றத்தில், மருந்து முக்கிய குச்சிகள் சட்டம் சட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன. என் அச்சமெல்லாம் அவற்றின்மீதே இருந்தது. தொலைநோக்கியை எதிர்மூலைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மூடி குழலின் வாயில் பளபளத்தது. அதைச் சுற்றி டேப் இல்லை.

"எங்கே டேப்?"

"கீழ கிடக்கு சார். காத்து இப்ப கொஞ்சம் அடங்கிட்டுல்லா?"

"நான் எடுத்து வருகிறேன். வரும்வரை ஒருவரும் கண்ணை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டோம் சார், போயிட்டு வாங்க" என்றாள் செல்வி.

கிடங்கு இருட்டாக இருந்தது. அட்டைக் கட்டுகளுக்கு நடுவே டேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மேலே பேச்சுக்குரல் கேட்டது. பாலகணேஷ் சொன்னார்: "ஏட்டி, மேகம் விலகிட்டு. சும்மா ஒருக்கா பாரு, புள்ளி தெரியுதான்னு மட்டும் பாரு."

கூப்பிட வாயெடுத்தேன். மாடிக் கதவு அறைந்து மூடிக்கொண்டது. சன்னலுக்கு வெளியே புழுதி எழும்பி வெளிச்சத்தை மறைத்தது. அந்தப் புழுதிக்குள், வெள்ளியாக மின்னியும் அணைந்தும் ஒரு வட்டம் மேலிருந்து இறங்கியது. அவசரமே இல்லாமல் திரும்பித் திரும்பி இறங்கி, குச்சிச் சட்டங்களுக்கு நடுவே விழுந்தது.

"சார், மேல இருந்து என்னமோ விழுந்திருக்கு!" என்று முற்றத்திலிருந்து வெள்ளைத்தாய் கத்தினாள்.

நான் மாடிக்குப் போனபோது செல்வி தொலைநோக்கியிலிருந்து விலகி நின்றிருந்தாள். வலக்கண்ணைத் திறந்து திறந்து மூடினாள்.

"ஒண்ணுமில்ல சார். பளிச்சுன்னு அடிச்சது, உடனே எடுத்துட்டேன். வலிக்கவே இல்ல."

"சொடக்குப் போடுத நேரம்தான் சார்" என்றார் பாலகணேஷ். "வலிக்கலன்னு சொல்லுதாள்லா? சரியாயிரும்."

விழித்திரைக்கு வலி தெரியாது என்பதை அப்போது அவர்களிடம் நான் சொல்லவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன். கண் மருத்துவர் நீண்ட நேரம் பார்த்தார். விழித்திரையின் நடுவில், நேராகப் பார்க்கிற இடத்தில், சுட்டிருக்கிறது என்றார். மாதக்கணக்கில் சிறிது தேறலாம், தேறாமலும் போகலாம், இதற்கென்று மருந்து இல்லை என்றார். பாலகணேஷ் அவரிடம் ஒன்றை மட்டுமே கேட்டார்: "ஆடி முடியறதுக்குள்ள ஆயிருமா டாக்டர்?"

அழைப்பு வந்தது. பரிசோதனைக்கு முந்தின மாலை பாலகணேஷ் என்னை வீட்டுக்கு வரவழைத்தார். செல்வி கூடத்தில் நின்றிருந்தாள். அவர் கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"சார், எல்லா ஊர்லயும் ஒரே அட்டைதானாம். போன்லயே கிடக்கு. நீங்க எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வச்சிருப்பீங்க! இவளை ஒரு தடவை சரிபாத்துக் குடுங்க. சொல்லுட்டி."

செல்வி இடக்கண்ணை உள்ளங்கையால் மூடினாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள்: "இ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி..." கடைசி வரிவரை தடங்கலின்றி வந்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை. சுவரில் வெள்ளையடித்த பரப்பைத் தவிர எதுவும் இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் பாலகணேஷ். முகம் மலர்ந்திருந்தது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "சிவப்பு விளக்கையும் மனப்பாடம் செய்யச் சொல்வீர்களா? எந்த வளைவில், எந்த நேரத்தில் அது எரியும் என்று எந்தப் போனில் கிடக்கிறது?"

"மத்தக் கண்ணு நல்லாத்தான இருக்கு! ஒரு பிள்ளை பிழைக்குறதுக்கு வழி சொல்ல வாய் வராதா சார் உங்களுக்கு?"

"அப்பா" என்றாள் செல்வி. உள்ளங்கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. "வாசல்கிட்டப் போய் நில்லுங்க."

"எதுக்குட்டி?"

"நில்லுங்கப்பா."

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். முற்றத்தைத் தாண்டி, இரும்புக் கதவின் அருகே, அந்திவெயிலில் திரும்பி நின்றார். ஏதோ சோதனை என்று எண்ணியிருக்கவேண்டும். விரல்களை எண்ணிச் சொல்லட்டும் என்று வலக்கையைத் தூக்கி விரித்துப் பிடித்தார்.

"எத்தனைன்னு சொல்லு!"

செல்வி நெடுநேரம் பார்த்தாள்.

"சட்டை தெரியுது. வேட்டி தெரியுது. கையை நீங்க தூக்குனது தெரியுது" என்றாள். "உங்க முகத்தைத்தான்பா பாக்குதேன். அங்கன ஒண்ணுமே இல்ல."

பாலகணேஷ் விரல்களை இன்னும் அகல விரித்தார்.

"நான் போவேன். தெரியுறத மட்டும்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

காற்று மறுபடி எழும்பி இரும்புக் கதவை அடித்தது. அவர் கையைத் தாழ்த்தாமல், விரித்த விரல்களோடு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.